தீர்மானங்களில் கரைந்த பூங்கா

சென்னை சென்ட்ரலை ஒட்டிப் பூந்தமல்லி நெடுஞ்சாலையின் வடபுறமாக மேற்கே நடந்தால் புறநகர் ரயில் முனையம், விக்டோரியா பொது மண்டபம், ரிப்பன் மாளிகை ஆகியவை அடுத்தடுத்து வருகின்றன. அவற்றுக்குப் பின்னால் அல்லிக்குளம் வணிக வளாகமும் நேரு ஸ்டேடியமும் இருக்கின்றன. பெரியமேட்டுப் பக்கம் போனால் 'மை லேடீஸ் கார்டன்' என்ற பெயரில் கொஞ்சம் பச்சை எஞ்சியிருக்கிறது. ஒரு காலத்தில் இந்த இடமெல்லாம் சேர்ந்து ஒரே பூங்காவாக இருந்தது. அதற்கு 'பீப்பிள்ஸ் பார்க்' என்று பெயர், பரப்பு 116 ஏக்கர். நம்முடைய கிரவுண்டுக் கணக்கில் இரண்டாயிரம் கிரவுண்டுக்கு மேல். பொது நிலம் பறிபோன கதை என்றதும் நமக்கு ஆக்கிரமிப்பாளர், போலிப் பத்திரம், கண்ணை மூடிக்கொண்ட அதிகாரி என்ற மூவர்தான் நினைவுக்கு வருவார்கள். இந்தப் பூங்காவின் கதையில் அந்த மூவருக்கும் இடமில்லை. இங்கே நிலம் போனது முறையான அனுமதிகளின் வழியாக, வெளிப்படையாக, பெரும்பாலும் நல்ல காரியங்களுக்காக. அதனால்தான் இந்தக் கதையை விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு நகரம் தன் பொது நிலத்தை இழப்பது பெரும்பாலும் இந்த வழியில்தான் என்பது என் வாதம்.

பூங்காவைத் திட்டமிட்டவர் 1859 மார்ச்சில் சென்னை ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன். அயர்லாந்துப் பஞ்சத்தின்போது நிவாரணத்தைக் கையிறுக்கியவர் என்று வரலாற்றில் மாறாத கெட்ட பெயர் எடுத்த மனிதர் அவர். சென்னையில் அவர் இருந்தது ஓராண்டும் சில மாதங்களுமே. கல்கத்தா அரசின் புதிய வரித் திட்டங்களைப் பகிரங்கமாக எதிர்த்து எழுதியதற்காக 1860-இல் திருப்பி அழைக்கப்பட்டார். அந்தக் குறுகிய காலத்துக்குள் கறுப்பர் நகரத்துக்கும் (இன்றைய ஜார்ஜ் டவுன்) வேப்பேரிக்கும் நடுவே கிடந்த தாழ்ந்த நிலத்தைப் பூங்காவாக்கும் வேலையைத் தொடங்கிவைத்தார். லண்டனின் கிழக்குப் பகுதித் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக விக்டோரியா பூங்கா 1845-இல் திறக்கப்பட்டிருந்தது. நெருக்கமாக வாழும் ஏழைகளுக்கு மூச்சுவிட இடம் ஒதுக்குவது ஆட்சியின் கடமை என்ற எண்ணம் அப்போது இங்கிலாந்தில் வேரூன்றி வந்தது. சென்னையின் பூங்கா அதே எண்ணத்தின் கிளை. பதினொரு குளங்கள், ஐந்து மைலுக்கு மேல் நீண்ட உள்சாலைகள், பேண்டு வாத்திய மேடை, குளிக்குமிடம் என்று அது விரிந்தது. எட்வர்ட் பால்ஃபர் 1855-இல் எழும்பூர் அருங்காட்சியகத்தில் தொடங்கிய விலங்குக் காட்சிசாலையும் இங்கே இடம்பெயர்ந்தது. கர்நாடக நவாப் தம்மிடமிருந்த விலங்குகளைக் கொடுத்ததால் வளர்ந்த காட்சிசாலை அது. விலங்குகள் இங்கே வந்த பிறகு சென்னைவாசிகளின் பேச்சில் இது 'உயிர்க் காலேஜ்' ஆனது, எழும்பூர் அருங்காட்சியகம் 'செத்த காலேஜ்' ஆனது.

பெயர்தான் மக்கள் பூங்கா, உண்மையில் வெள்ளைக்காரர்கள் மாலையில் வண்டியில் உலாவ அமைத்துக்கொண்ட தோட்டம்தானே, அது போனால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. பேண்டு மேடையையும் டென்னிஸ் திடல்களையும் மட்டும் பார்த்தால் அப்படித் தோன்றலாம். ஆனால் பூங்காவுக்கு யார் வந்தார்கள் என்பதற்கு ஒரு துயரமான சான்று இருக்கிறது. ஆண்டுக் கடைசியில் அங்கே நடக்கும் கண்காட்சிக்கு, நகரத்தார் 'பார்க் ஃபேர்' என்றழைத்த திருவிழாவுக்கு, வட சென்னையே திரண்டு வரும். 1886 டிசம்பர் 31 அன்று அந்தக் கண்காட்சியில் தீப்பிடித்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். ஒரு சிலருக்கான உலாவிடத்தில் அத்தனை பேர் கூடியிருக்க மாட்டார்கள். அந்தப் பேரழிவுக்குப் பிறகும் கண்காட்சி நின்றுவிடவில்லை, பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. கோடீஸ்வரர் தோட்ட வீடுகள் தெற்கிலும் மேற்கிலும் பரந்து கிடந்தன. ஜார்ஜ் டவுனின் ஒட்டுக் குடித்தனங்களில் இருந்தவர்களுக்கு வீட்டை விட்டு வெளியே வந்து மரத்தடியில் உட்கார நடை தூரத்தில் இருந்த பெரிய இடம் இதுதான். இந்தப் பூங்கா குறைந்தபோது யாருக்கு இழப்பு என்ற கேள்விக்கு விடை இங்கே கிடைத்துவிடுகிறது.

நகரத்துக்கு ஒரு பொது மண்டபம் வேண்டும் என்ற ஆசையோடு குறைப்பு தொடங்கியது. பிரமுகர்கள் கூடி நிதி திரட்டினார்கள். 1883 டிசம்பரில் விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி அடிக்கல் நாட்டினார். கட்டடக் கலைஞர் சிஷோம் வரைந்த கட்டடத்தை நம்பெருமாள் செட்டியார் கட்டினார். பூங்காவிலிருந்து 57 கிரவுண்டு, அதாவது மூன்று ஏக்கருக்குச் சற்று அதிகம், 1886 ஏப்ரல் முதல் 99 ஆண்டுகளுக்கு மண்டபத்தின் அறக்கட்டளைக்குக் குத்தகையாக விடப்பட்டது. கிரவுண்டுக்கு எட்டணா வாடகை. மொத்த இடத்துக்கும் சேர்த்து இருபத்தெட்டு ரூபாய் சொச்சம். அந்த மண்டபத்தில் 1897-இல் விவேகானந்தர் பேசினார். பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகங்கள் போட்டது. சென்னையின் அரசியலும் கலையும் வளர்ந்த வீடு அது. அதைக் கட்டியது தவறு என்று சொல்ல எனக்கு வாய் வராது. கவனிக்க வேண்டியது அந்த எட்டணாவைத்தான். போனது நூற்றில் மூன்று பங்குகூட இல்லை. ஆனால் நகரசபையின் கணக்கில் பூங்கா நிலத்துக்கு என்ன மதிப்பு என்பதை அந்த வாடகை எழுதிவைத்துவிட்டது. வேறெங்காவது மூன்று ஏக்கர் வாங்கப் போயிருந்தால் அறக்கட்டளை திரட்டிய பணத்தில் பெரும்பங்கு நிலத்துக்கே போயிருக்கும். பூங்காவுக்குள் நிலம் ஏறக்குறைய இனாம். அன்று முதல் நகரத்தில் எந்தப் பொதுக் கட்டடத்துக்கு இடம் தேடினாலும் கண் முதலில் போன இடம் அதுதான்.

அடுத்தது சந்தை. பிராட்வேயிலிருந்த பழைய பாப்ஹாம் சந்தை சுகாதாரக் கேடாகிவிட்டது. புதிய சந்தைக்குப் பூங்காவுக்குள்ளேயே 1898-இல் மாநகராட்சித் தலைவர் சர் ஜார்ஜ் மூர் அடிக்கல் நாட்ட, 1900-இல் மூர் மார்க்கெட் திறந்தது. பழைய புத்தகம் தேடி அங்கே அலையாத தமிழ் எழுத்தாளர் ஒரு தலைமுறையில் அரிது. அதற்குப் பிறகு மாநகராட்சிக்கே வீடு தேவைப்பட்டது. எர்ரபாலு செட்டித் தெருவில் நெருக்கியடித்துக்கொண்டிருந்த அலுவலகத்துக்காக 1909 டிசம்பரில் வைசிராய் மிண்டோ அடிக்கல் வைத்தார். ஏழரை லட்ச ரூபாய் செலவில் லோகநாத முதலியார் கட்டிய வெள்ளை மாளிகை 1913-இல் திறக்கப்பட்டு, ரிப்பன் பிரபுவின் பெயரைப் பெற்றது. உள்ளூர் விஷயங்களை உள்ளூர் மக்களின் பிரதிநிதிகளே முடிவு செய்யட்டும் என்று 1882-இல் தீர்மானம் வெளியிட்டவர் ரிப்பன். அவர் பெயரில் எழுந்த உள்ளாட்சி மாளிகை, உள்ளூர் மக்களின் பூங்காவை வெட்டித்தான் எழுந்தது. இதை வெளிநாட்டு ஆட்சியின் அநியாயம் என்று முழுதாகத் தள்ளிவிடவும் முடியாது. 1884-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு நகரசபையில் பெரும்பாலோர் வரி கட்டுவோரால் தேர்ந்தெடுக்கப்பட்ட இந்தியர்கள். வாக்குரிமை மிகச் சிலருக்கே இருந்தது என்பது உண்மைதான். ஆனாலும் பூங்காவைக் குறைத்த மன்றம் நம்மவர் அமர்ந்த மன்றம்.

பொது மண்டபம், சந்தை, ஆட்சி மாளிகை என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் மறுக்க ஒன்றுமில்லை. ஒவ்வொரு முறையும் நகரசபையின் முன் வந்த கேள்வி, "இந்தக் கட்டடம் ஊருக்குத் தேவையா?" என்பது. அதற்கு ஆம் என்பதைத் தவிர வேறு விடை கிடையாது. "இதுவரை எவ்வளவு கொடுத்தோம், இனி எவ்வளவு மிச்சம்?" என்ற கேள்வி அந்த மேசைக்கு வந்து விடை பெற்றிருந்தால் நிலம் இந்த வேகத்தில் போயிருக்காது. சந்தைக்குச் சுகாதார அதிகாரி வாதாடுவார், மண்டபத்துக்கு நன்கொடையாளர் வாதாடுவார், ரயிலுக்கு ரயில்வே வாதாடும். பூங்காவுக்காக வாதாட எந்த இலாகாவும் இல்லை. காலி இடம் என்று நிலப்படத்தில் தெரியும் ஒன்றுக்குத் தரப்பு கிடையாது. அது மாலை நேரத்தில் நிறைந்திருக்கும், திருவிழாவில் நிறைந்திருக்கும். கோப்பு நகரும் பகல் பதினொரு மணிக்கு வெறுமையாக இருக்கும். குத்தகைப் பணம் வராத, வரி தராத, தினமும் பராமரிப்புச் செலவு வைக்கிற நிலம் என்ற பார்வையில் அதைக் கட்டடமாக மாற்றுவது லாபமாகவே படும். இப்படி ஒவ்வொரு துண்டும் ஆலோசித்து எடுக்கப்பட்டது. முழுப் பூங்காவையும் ஒழிப்போம் என்று எந்த ஒரு நாளும் எந்த மன்றமும் முடிவெடுக்காமலேயே பூங்கா ஒழிந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகும் இந்தப் போக்கு மாறவில்லை. பூங்காவின் வடபகுதியில் மாநகராட்சி ஸ்டேடியம் எழுந்தது. 1956 ஜனவரியில் அங்கே நியூசிலாந்துக்கு எதிராக மங்கட்டும் பங்கஜ் ராயும் 413 ரன் சேர்த்து முதல் விக்கெட்டுக்கு உலக சாதனை படைத்தார்கள். விளையாட்டும் பொழுதுபோக்குத்தானே, பூங்கா நிலம் ஸ்டேடியமானால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் வாசலில் இருக்கிறது. பூங்காவுக்குள் நுழைய யாரும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டேடியத்துக்கு டிக்கெட் வேண்டும், அல்லது விளையாட்டு வீரராக இருக்க வேண்டும். 1993-இல் அது சுமார் 40,000 பேர் அமரும் கால்பந்து அரங்கமாகத் திரும்பக் கட்டப்பட்டபோது, சும்மா வந்து உட்காருகிறவருக்கான இடம் என்ற குணத்தை அந்த நிலம் முற்றிலும் இழந்தது. ஒரு பொதுப் பயன்பாடு இன்னொரு பொதுப் பயன்பாட்டை விழுங்கும்போது யாரும் கேள்வி எழுப்புவதில்லை. தனியார் ஒருவர் பத்து அடி உள்ளே வந்து வேலி போட்டிருந்தால் ஊரே கொதித்திருக்கும்.

இழந்ததில் ஒரு பகுதியாவது திரும்பியிருக்கக்கூடிய ஆண்டு ஒன்று உண்டு. அது 1985. பொது மண்டபத்தின் 99 ஆண்டுக் குத்தகை அந்த ஆண்டு மார்ச்சோடு முடிந்தது. மே 30 அன்று மூர் மார்க்கெட் எரிந்தது. ஜூலை 24 அன்று வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா திறக்கப்பட்டது, உயிர்க் காலேஜின் காலம் முடிந்தது. நாலே மாதத்துக்குள் பழைய பூங்காவின் மூன்று பெரிய துண்டுகளின் எதிர்காலம் ஒரே சமயத்தில் கேள்விக்குறியாகி நின்றது. மூன்றையும் ஒரே நிலப்படத்தில் வைத்துப் பார்த்து, எது பூங்காவாகத் திரும்பலாம் என்று ஒரு நாள் விவாதித்திருக்கலாம். விவாதிக்க மன்றம்தான் இல்லை. 1973-இல் கலைக்கப்பட்ட சென்னை மாநகராட்சி மன்றத்துக்கு 1996 வரை தேர்தல் நடக்கவில்லை. இருபத்து மூன்று ஆண்டுகள் ரிப்பன் மாளிகையில் தனி அலுவலர்கள் ஆட்சி செய்தார்கள். பெரியமேட்டிலோ பூங்கா நகரிலோ வசித்த ஒருவர் தன் வார்டு உறுப்பினரைப் பிடித்து, "எரிந்த இடத்தில் மரம் வைக்கலாமே" என்று கேட்க வழியில்லை. மூர் மார்க்கெட் இடத்தில் புறநகர் ரயில் முனையம் வந்தது. கடைக்காரர்களுக்கு அல்லிக்குளத்தில் வளாகம் கட்டித் தரப்பட்டது, பின்னாளில் அதே வளாகத்துக்கு நீதிமன்றங்களும் வந்தன. விலங்குகள் போன இடம் பூங்காவாகத் திரும்பவில்லை. பொது மண்டபம் நீண்ட வழக்குக்குப் பிறகே மாநகராட்சியின் கைக்கு வந்தது. மன்றம் இருந்தபோதும் பூங்காவைக் கொடுத்தவர்கள் இருந்தார்கள் என்று மேலே சொன்னேன், அதை மறக்கவில்லை. மன்றம் இருந்தால் பூங்கா பிழைத்திருக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். கேள்வி கேட்க ஓர் இடமாவது இருந்திருக்கும் என்று உறுதியாகச் சொல்வேன்.

வண்டலூர் போனது விலங்குகளுக்கு நல்லதுதானே என்பார்கள். நல்லதுதான். சென்ட்ரலின் புகையிலும் கூண்டு நெருக்கத்திலும் வாடிய உயிர்களுக்கு ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட வெளி கிடைத்தது, காய்ந்து கிடந்த மேட்டு நிலம் மரங்களால் நிறைந்தது. ஆனால் அந்த வெளி எங்கிருந்து வந்தது? வண்டலூர்க் காப்புக்காட்டிலிருந்து. நகரத்துக்குள் பூங்கா நிலம் கட்டடங்களால் நிறைந்ததும், அடுத்த தேவைக்கு நகரம் முப்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த காட்டைத் தேடிப் போயிற்று. அங்கும் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லாத அரசு நிலம்தான் எளிதில் கிடைத்தது. காட்டுக்குப் பதில் விலங்குப் பூங்கா வந்ததால் அங்கே பெரிய கேடு நேரவில்லை என்று ஆறுதல் கொள்ளலாம். ஏரிப் புறம்போக்கிலும் மேய்ச்சல் நிலத்திலும் பேருந்து நிலையமும் அலுவலக வளாகமும் குடியிருப்பும் கட்டப்பட்ட ஊர்களுக்கு அந்த ஆறுதலும் இல்லை. எட்டணாக் கணக்கு பூங்காவோடு நின்றுவிடவில்லை.

எல்லா எதிர்வாதங்களிலும் வலுவானது ஒன்றுண்டு. நகரம் வளர்கிறது, ஆஸ்பத்திரியும் சந்தையும் ரயிலும் இல்லாமல் மரம் மட்டும் வைத்து மக்கள் வாழ முடியுமா என்பது. இதை எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். புறநகர் முனையத்தில் தினமும் வந்திறங்குகிறவர்களில் பெரும்பாலோர் உழைக்கும் மக்கள். அவர்களுக்கு அந்த ரயில் தேவை. ஆனால் இந்தத் தேவைக்கு நிலம் எங்கே என்ற கேள்விக்குப் பொது வெளியே முதல் விடையாக இருக்க வேண்டியதில்லை. பெங்களூரில் இதே போன்ற வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. நகர விரிவாக்கத் திட்டத்தில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய மனையைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தார்கள். குடியிருப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். ஆஸ்பத்திரியும் பொது நன்மைதானே என்று எதிர்த்தரப்பு வாதிட்டுப் பார்த்தது. 1991-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பூங்கா என்பது ஆடம்பரமல்ல, அதை வேறு எதற்கும் மாற்றிக் கொடுக்கும் உரிமை ஆட்சியாளரின் விருப்பத்துக்கு உட்பட்டதல்ல என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். தேவை உண்மையானதாகவே இருந்தாலும் அதற்குரிய நிலத்தை விலை கொடுத்து வாங்க வேண்டும் என்றால், எவ்வளவு நிலம் உண்மையில் தேவை என்ற கணக்கும் நேர்மையாகிவிடும்.

போனது போனதுதான், இனி என்ன செய்ய முடியும் என்ற சோர்வுக்கும் ஆதாரம் இல்லை. கத்தீட்ரல் சாலையில் 1962 முதல் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல் நடந்த நிலத்தை அரசு திரும்ப எடுத்து, 2010 நவம்பரில் செம்மொழிப் பூங்காவாகத் திறந்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓட்டல் நடந்த நிலமும் பூங்காவாகத் திரும்ப முடியும் என்பதற்கு நகரத்துக்குள்ளேயே சாட்சி இருக்கிறது. அது நடந்தது நகரின் தென்பாதியில், வசதியானவர்கள் வாழும் பகுதியில் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜார்ஜ் டவுனுக்கும் பெரியமேட்டுக்கும் அப்படி எதுவும் திரும்பவில்லை.

சட்டம் இல்லாமலும் இல்லை. பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் ஆகியவற்றைப் பாதுகாக்க 1959-இலேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. ஒவ்வொரு உள்ளாட்சியும் தன் எல்லைக்குள் இருக்கும் இந்த இடங்களைப் பட்டியலிட வேண்டும், பட்டியலில் உள்ளதை அரசின் முன் அனுமதியின்றி வேறு காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது அது. ஆனால் அனுமதி கொடுக்கும் அரசும், அனுமதி கேட்கும் உள்ளாட்சியும், கட்டடம் கட்ட நினைக்கும் இலாகாவும் ஒரே பக்கம் நிற்கும்போது அந்தக் கதவைத் திறப்பது கடினமல்ல. வெளியிலிருந்து ஒருவர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால்தான் சட்டத்துக்கு உயிர் வரும். 2022-இல் வகுத்த விதிகளின்படி தமிழ்நாட்டு நகரங்களில் இப்போது வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் உண்டு. உங்கள் பகுதி சபை அடுத்து கூடும்போது சாலை, சாக்கடை, தெருவிளக்கோடு இதையும் கேளுங்கள்: நம் வார்டில் 1959 சட்டப் பட்டியலில் உள்ள பூங்காக்களும் திடல்களும் எவை, ஒவ்வொன்றின் சர்வே எண் என்ன, முதலில் எத்தனை ஏக்கர் இருந்தது, இன்று எத்தனை ஏக்கர் இருக்கிறது? விடையைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த கட்டடத்துக்கு இடம் கேட்டு யாராவது வரும்போது அந்தப் பக்கத்தைத்தான் முதலில் வாசிக்க வேண்டும்.